மின்ஜே நிமிர்ந்து பார்த்தான்

நாஜு
அக்டோபர், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் யூரிமுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்தக் கடைவாய்ப் பல்லைத் தவிர மற்றபடி சுகமாக இருப்பாய் என்று மாதாவை நம்பியிருக்கிறேன். மனசு எப்படி என்று கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல், உன் அப்பா நேற்று கட்டி வாசலில் வைத்திருந்த பேரிக்காய்ப் பெட்டியின் முடிச்சை அவிழ்த்தேன். மஞ்சள் பட்டுத்துணி, மேலே பூப்போல விரித்துவிட்ட முடிச்சு, சம்பந்தி வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி. பழங்களை ஒவ்வொன்றாக நுரைவலையிலிருந்து உரித்தெடுத்துக் கூடையில் போட்டேன். இருப்பதிலேயே பெரியதை அங்கேயே நின்று தோலோடு கடித்துத் தின்றேன். உன் அப்பா வாயில் பற்பசையோடு வந்து நின்று பார்த்தார். பெட்டியை ஏன் பிரித்தாய் என்று கேட்கவில்லை. தோலைச் சீவாமத் திங்கிறியே, வயித்துக்கு ஆகுமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பெட்டி யாருக்கு என்று உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ மீதியைத் தீர்த்துவைத்துவிட்டாய். அங்க அப்படித்தானேம்மா, உனக்குத் தெரியாததா, ஒரு தடவ குனிஞ்சு மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடு, விஷயம் முடிஞ்சிரும் என்றாய். அடுத்த மூச்சில் டிராம் வந்துருச்சும்மா என்று வைத்துவிட்டாய். காகிதத்தில் எழுதினால் நடுவில் டிராம் வராது, அதனால் எழுதுகிறேன், முழுதும் படி. போன மாதம் என்னிடம் நீதானே பெருமை பேசினாய், மெல்போர்னில் காபிக்கடை முதலாளியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன், கண்ணுக்கு நேராகப் பார்த்து லீவு கேட்கிறேன், யாருக்கும் கும்பிடு போடுவதில்லை என்று. அந்த வாயால் என்னைக் குனியச் சொல்கிறாய். உன் அப்பா சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. நீ சொன்னபோது என் வீட்டிலேயே எனக்கு ஆள் இல்லை என்று தோன்றியது.

நடந்ததைக் கேள். வசந்தத்தில் எங்கள் ஆங்கில டியூஷன் மையத்துக்குக் கேரிஸ் என்று ஒரு பெண் வந்தாள் என்று சொன்னேன் அல்லவா, வேல்ஸ்காரி, உன்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவள், பொன்நிறத் தலைமுடி. அவள் வந்த வாரமே மையத்தை நடத்துகிற தாளாளர் பேக் அவள் முகத்தைப் பெரிதாக அச்சடித்து மஞ்சள் வேனில் ஒட்டிவிட்டார், சந்தை முனையில் போர்டும் வைத்துவிட்டார். அவள் பிறந்த வீட்டில் பேசுவது வேல்ஸ் மொழியாம், இங்கிலீஷ் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில்தான் வந்ததாம், அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்கும் பிலிப்பைன்ஸில், நம் இலோய்லோவில், அப்படித்தான் வந்தது, அதற்கு மேல் கல்லூரியில் இங்கிலீஷ் கற்பிப்பதற்கென்றே படித்துப் பட்டம் வாங்கினேன். ஆனால் இந்த மையத்தில் நான் உதவியாளர். என்னைத் தாளாளர் தனியாகக் கூப்பிட்டு, யூரிம் அம்மா, நீங்க நம்ம வீட்டு மனுசி மாதிரி, அந்தப் புள்ளைக்கு நம்ம ஊரு நடப்பைக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க என்றார். சொல்லிக் கொடுத்தேன். எதையும் இரண்டு கையால் கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும், மூத்தவர் கரண்டியை எடுக்கும் முன் நீ எடுக்காதே, பிள்ளைகள் உன் வயதையும் எடையையும் கேட்டால் அவமானம் என்று நினைக்காதே, அது பாசம் என்று. நல்ல பெண், சொன்னதைப் பிடித்துக்கொண்டாள்.

மின்ஜே என்று ஒரு பையன், மூன்றாம் வகுப்பு. போன மாதம் பக்கத்துப் பெண்மேல் ரப்பரை எறிந்தான். கேரிஸ் அவனைக் கூப்பிட்டு, அவன் உயரத்துக்கு மண்டியிட்டு உட்கார்ந்து பேசினாள். அவன் இங்கே எல்லாப் பிள்ளைகளும் செய்வதைச் செய்தான், தலையைத் தொங்கப் போட்டுத் தரையைப் பார்த்தான். இவளுக்கு அவன் தன்னைக் காதில் வாங்கவில்லை என்று பட்டது. விரலால் அவன் முகவாயை மெல்ல நிமிர்த்தி, என் கண்ணைப் பார் என்றாள். பார்த்ததும் சபாஷ் என்று ஒரு நட்சத்திரம் ஒட்டினாள். அதற்குப் பிறகு யாரைத் திட்டினாலும் இதே பழக்கம், பிள்ளைகளும் நட்சத்திரத்துக்காகக் கண்ணைப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். நான் அவளைச் சமையலறைப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னேன், இங்கே பெரியவர் கண்டிக்கும்போது பிள்ளை தலை குனிவதுதான் மன்னிப்பு, நிமிர்ந்து பார்த்தால் திமிர் என்று எடுத்துக்கொள்வார்கள், இதை நிறுத்திவிடு என்று. அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்போ எனக்கு அவன்மேல கோபம் இல்லன்னு அவனுக்கு எப்படித் தெரியும், கண்ணைப் பாத்தாத்தானே தெரியும் என்று கேட்டாள். மறுநாளே நிறுத்திவிட்டாள், ஆனால் பிள்ளைகள் படித்ததைப் படித்துவிட்டார்கள்.

அதற்குப் பின் ஒருநாள் மின்ஜே சைக்கிளை அவன் அப்பாவின் புதுக் காரில் உரசிவிட்டான். அவர் திட்டியபோது இவன் நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தான். யாரு முன்னாடிடா முறைக்கிற என்று ஓர் அறை. பையன் தான் செய்வது மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், மரியாதை போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் நன்றாகப் பார்த்திருக்கிறான். இன்னோர் அறை. யார் சொல்லிக் குடுத்தா என்று கேட்டதற்கு டீச்சர் என்று மட்டும் சொன்னானாம், பேர் சொல்லவில்லையாம். மறுநாள் அவன் அம்மா மையத்துக்கு வந்து நின்றாள், பையன் காது சிவந்து தடித்திருந்தது.

தாளாளர் அந்தம்மாவுக்குப் பார்லி டீ ஊற்றிக் கொடுத்தார். என்னையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு, பாடம் நடத்துறதுதான் கேரிஸ் டீச்சர், பிள்ளைங்க ஒழுங்கைப் பாத்துக்கறது இவங்க, பிலிப்பைன்ஸ்லேருந்து வந்தவங்க, அவங்க ஊருப் பழக்கம் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும், தப்பா எடுத்துக்காதீங்க என்றார். என் முகத்துக்கு நேராகச் சொன்னார். இலோய்லோவில் என் அப்பா முன்னால் நான் இப்படி நிமிர்ந்து பார்த்திருந்தால் எனக்கும் காது தடித்திருக்கும் என்று அந்த மனிதருக்கு யார் சொல்வது. அந்தம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். இத்தன வருசமா இங்க சோறு திங்கிறீங்க, பெரியவங்க முன்னால எப்படி நிக்கணும்னு தெரியலயா, எம்புள்ள பக்கத்துல இவங்க வரவே கூடாது என்றாள். அதோடு விட்டாளா. டீச்சர்னா போன்ல பாடம் எடுக்கறாங்களே ஜூலி டீச்சர், அவங்க மாதிரி இருக்கணும், அமெரிக்காவுல பொறந்தும் என்ன தன்மை, குரலக் கேட்டாலே தெரியுது நல்ல குடும்பத்துப் பொண்ணுன்னு என்றாள். தாளாளர் இருமினார்.

ஜூலி யாரென்று உனக்கு நினைவிருக்கும். மாலையில் பிள்ளைகளோடு ஒவ்வொருவராகப் போனில் இங்கிலீஷ் பேசுகிற வகுப்புக்குத் தாளாளர் எனக்கு வைத்த பெயர். நம் பேரிக்காய்க் கொட்டகையில் பெட்டிகளுக்கு நடுவே சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து நான்தான் அமெரிக்காக்காரி ஜூலி. என் குரல் ஆகும், முகம் ஆகாது. இத்தனை காலம் அதை வேலை என்று விழுங்கினேன். அன்றைக்கு அந்த இருமலைக் கேட்டபோது விழுங்கியதெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது.

அந்தம்மா போனதும் தாளாளர் கதவைச் சாத்திவிட்டு, யூரிம் அம்மா, நீங்க அவங்க வீட்டுக்குப் போய் ஒரு தடவ தலையக் குனிஞ்சிட்டு வந்தா முடிஞ்சது, கேரிஸை அனுப்பினா அழுதுகிட்டே அடுத்த விமானத்துல ஏறிடும், உங்களுக்குத்தான் நம்ம முறை தெரியும், உங்க தோட்டத்துப் பழமே ஒரு பெட்டி எடுத்துக்குங்களேன் என்றார். அவர் வாயைப் பார். முன்னறையில் அந்தம்மாவிடம் எனக்கு இந்த ஊர் முறை தெரியாது என்றார், கதவைச் சாத்தியதும் எனக்குத்தான் முறை தெரியும் என்கிறார். போகாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். போன் வகுப்புக்கு வேற குரல் கெடைக்காமயா போயிரும் என்று சிரித்தார். வகுப்பறையும் போகும், போனும் போகும் என்று அர்த்தம். கற்பிக்கத்தான் படித்தேன், இந்த ஊரில் எனக்கு அந்த ஒரு வேலைதான் என் சொந்தப் படிப்புக்குக் கிடைத்தது.

கேரிஸ் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். தப்பு என்னுடையது என்று தாளாளரிடம் போய் நின்றாள். பெற்றோர் கூட்டத்தில் வாய் ஓயாமல் இங்கிலீஷ் பேசுகிறவருக்கு அன்று ஒரு வார்த்தை புரியவில்லையாம். தலையைத் தலையை ஆட்டி, அவள் கையில் ஒரு டப்பா காபியைத் திணித்து அனுப்பிவிட்டார். சனிக்கிழமை அவள் நம் வீட்டுக்கு வந்து, உன் அப்பாவோடு பழம் பொறுக்கிக்கொண்டே அழுதாள். அவள்மேலும் எனக்குக் கோபம்தான், ஆனால் அழுகிறவளிடம் அதை என்ன செய்ய, சோறு போட்டு அனுப்பினேன். உன் அப்பா சொல்வதும் உனக்குத் தெரிந்ததுதான். மன்னிப்புக் கேட்டா நாம தப்பு செஞ்சோம்னு அர்த்தமில்ல, சண்ட வேண்டாம்னு அர்த்தம், கூட்டுறவுச் சங்கத்துல நான் எத்தன பேருக்குக் குனிஞ்சிருப்பேன், முதுகு ஒடிஞ்சா போச்சு என்கிறார். அவர் குனிந்தால் குனிந்துவிட்டு நிமிரலாம், அவர் சோய் வீட்டுப் பிள்ளை, இந்த மண்ணில் பிறந்தவர். நான் இந்த ஒன்றுக்குக் குனிந்தால், பிலிப்பைன்ஸ்காரி தப்பு செய்தாள், வந்து ஒப்புக்கொண்டாள் என்று சந்தை முழுக்கப் பேச்சாகும். அடுத்து வருகிற ஒவ்வொரு பிலிப்பைன்ஸ் மருமகளுக்கும் அதைத்தான் சொல்லிக் காட்டுவார்கள். இது அவருக்கு விளங்கவில்லை. விளங்காமலே எனக்காக நல்ல பழமாகத் தேடிப் பொறுக்கி, அந்தத் தடித்த விரலால் பூ முடிச்சுப் போட்டு வைத்தார் பார், அதுதான் எல்லாவற்றிலும் அதிகமாக எரிந்தது.

இன்னொன்று, இதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. கோடையில் ஒருநாள் மின்ஜேயோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது நம் நாய் குரைத்தது. முந்தின வாரம்தான் வகுப்புப் பிள்ளைகள் நம் தோட்டம் பார்க்க வந்து அதோடு விளையாடிவிட்டுப் போயிருந்தார்கள். அவன் பாடத்தை நிறுத்திவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற மாதிரி, டீச்சர், நீங்கதான்னு எனக்குத் தெரியும், நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன் என்றான். இன்றுவரை சொல்லவில்லை, அவன் அம்மாவுக்கும் தெரியாது. ஒரு வளர்ந்த மனிதர் தொழிலுக்காகச் சொன்ன பொய்யை அந்தக் குழந்தை எனக்காகக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். அவன் அம்மா வகுப்பறையில்தான் என்னை விலக்கினாள், ஜூலியை நிறுத்தவில்லை. போன செவ்வாய்க்கிழமை வழக்கம்போலப் போன் செய்தேன். பாடத்தின் நடுவில், தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையைக் கோத்து, டீச்சர், கண்ணைப் பார்ப்பது கெட்டதா என்று கேட்டான். அவன் அம்மா பக்கத்தில் இருப்பது மூச்சிலேயே தெரிந்தது. ஜூலிக்கு எதுவும் தெரியக் கூடாதே, அடுத்த வரியைப் படி என்றேன். படித்தான். அந்தக் குரலை நான் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சரி, வீட்டு விஷயம். கடைசி ரகம் பறித்து முடியப் போகிறது, விலை பரவாயில்லை. உன் அறை ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. கடற்பாசித் தாளும் வறுத்த நெத்திலியும் தனிப் பார்சலில் வருகின்றன, உன் கூட்டாளிகளுக்கும் கொடு, நீயே ஒளித்து வைத்துத் தின்னாதே. பல்லை மாத்திரை போட்டு அடக்காதே, டாக்டரிடம் போ, பயமாக இருந்தால் யாரையாவது துணைக்குக் கூட்டிப் போ. ஞாயிறு பூசையை விட்டுவிட்டாய் என்று உன் குரலிலேயே தெரிகிறது. மாதா உன்னை ஒரு குறையும் அண்டாமல் காக்கட்டும், நல்ல சிநேகிதமும் வயிறாரச் சோறும் கொடுக்கட்டும். அம்மா கோபமாக எழுதினாள் என்று அழாதே, கோபம் உன்மேல் கால்வாசிதான்.

இன்று செவ்வாய்க்கிழமை. மாலை ஜூலி போன் செய்கிற நேரத்துக்கு மின்ஜே புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பான், அவன் அம்மா பக்கத்தில் இருப்பாள், அப்பாவும் வேலை முடிந்து வந்திருப்பார். நான் போன் செய்யப் போவதில்லை. அவர்கள் வீட்டுக்கு வெறுங்கையோடு போகப் போகிறேன். அந்தம்மா கதவைத் திறந்ததும், ஜூலி ஒவ்வொரு பாடத்தையும் தொடங்குகிற அதே இங்கிலீஷ் வாக்கியத்தை அதே குரலில் சொல்வேன். அவளுக்கு விளங்கிய பிறகு, நம் நாஜுப் பேச்சிலேயே நடந்ததை நடந்தபடி சொல்வேன், உங்கள் பையன் திமிர் பிடித்தவன் இல்லை, டீச்சர் சொன்னதைக் கேட்ட பிள்ளை என்று அவன் அப்பாவிடமும் சொல்வேன். மின்ஜே கேட்ட கேள்விக்கும் பதில் கடன் இருக்கிறது. நாளையிலிருந்து வேலை இருக்குமா என்று தெரியாது. உன் அப்பாவுக்குச் சொல்லவில்லை, கேரிஸுக்கும் சொல்லவில்லை, இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், நீ போனில் தடுக்கவும் முடியாது. அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற மட்டும் குனிவேன்.

உன் அம்மா
பெர்லிட்டா