மேலே ஏறித்தான் இறங்கணும்

லா பாஸ், பொலிவியா
10 மார்ச் 2025

பிரசாந்த் அப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ஃபோனில் பேசலாம் என்றுதான் பார்த்தேன், நாலு வார்த்தை பேசினால் மூச்சு இழுக்கிறது. அதனால் நம் பெண்கள் சங்கத்து ஃபோனில் கடிதமாகவே தட்டி அனுப்புகிறேன். "இன்னா இவ்ளோ நீட்டு?" என்று தூக்கிப் போடாமல் படியுங்கள்.

மலைமேல் ஒரு பெரிய குழி, அதற்குள் இந்த ஊர். வீடுகளெல்லாம் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பஸ் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் கம்பியில் தொங்குகிற பெட்டி போகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தேன். இவ்வளவு உயரத்தில் காற்று குறைவு, மெதுவாக நட, படி ஏறாதே, கொஞ்சமாகச் சாப்பிடு என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். கூட வந்திருக்கிற பரக்கத் பீவி மகள் ஃபர்ஹத் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு. இறால் போடுகிற ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு கழுத்தளவு ஏரியில் இறால் தடவுகிறவள் நான். முகத்தைத் தண்ணீருக்குள் புதைத்தால் நம் பக்கத்தில் என் மூச்சுக்கு யார் ஈடு? ஃபர்ஹத்தின் பெட்டியையும் சேர்த்து நானே மாடிக்குத் தூக்கிப் போனேன்.

வெள்ளிக்கிழமை கூட்டம். ஏரியை நம்பிப் பிழைக்கிற பெண்கள் பல நாட்டிலிருந்து வந்திருக்கிறார்கள். நம் முகத்துவாரம் மண் மூடுவதைப் பற்றி நான் பேச வேண்டும். லேசாகத் தலைவலி, வேறொன்றும் இல்லை.

இப்படிக்கு,
இளவரசி

பழவேற்காடு
12 மார்ச்

அன்புள்ள இளவரசிக்கு,

நான் நலம் என்று எழுத மனசு வரவில்லை.

நேற்று மீன் ஏலத்தில் பரக்கத் பீவி என்னைப் பிடித்துக்கொண்டார். ஃபர்ஹத் அவரிடம் ஃபோனில் அழுதிருக்கிறாள். "உம் பொண்டாட்டி தண்ணி குடிச்சாக்கூட வாந்தியாமே, உனுக்கு ஒண்ணும் தெரியாதா?" என்றார். அத்தனை பேர் பார்க்க ஏலத்தைப் பாதியில் விட்டு வந்துவிட்டேன். ஊருக்கே தெரிந்தது கட்டினவனுக்குத் தெரியவில்லை.

போகாதே என்று நான் சொன்னதில் உனக்குக் கோபம். அந்தக் கோபத்தில் மறைக்கிறாயா? எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. உடம்புக்கு என்ன, அதை மட்டும் எழுது. பிரசாந்துக்குப் பரீட்சை, அவனிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

உலகநாதன்

லா பாஸ்
12 மார்ச்

பிரசாந்த் அப்பாவுக்கு,

மறைத்தேன்தான். "அப்பவே சொன்னேன்" என்று நீங்கள் சொல்வீர்கள், அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

படுத்தால் நெஞ்சுக்குள் தண்ணீர் களகளக்கிறது. இருமினால் நுரை வருகிறது. என் உதடு நீலமாகிவிட்டதென்று ஃபர்ஹத் கண்ணாடியை ஒளித்து வைத்திருக்கிறாள். மூச்சு முட்டும்போதெல்லாம் ஏரியில் செய்வதைத்தான் செய்தேன். அடக்கினேன். பதறாமல் அடக்கினால் நெஞ்சு தானாக அமைதியாகும், எனக்குத் தெரிந்த வழி அதுதானே? டாக்டர் அதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். நுரையீரலில் நீர் கோத்துவிட்டதாம், உடனே சமவெளிக்கு இறக்க வேண்டுமாம்.

இறங்கிவிட வேண்டியதுதானே என்பீர்கள். விமான நிலையம் இந்த ஊருக்கும் மேலே இருக்கிறது. இறங்க வேண்டுமானால் முதலில் இன்னும் மேலே ஏற வேண்டும். அங்கே இதைவிடக் காற்று குறைவு. போகமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். என்னைப் பெட்டியில் வைத்து அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து சாகிறேன். விடிந்ததும் ஆம்புலன்ஸ் வரும். ஏறட்டுமா, வேண்டாமா? நீங்கள் சொல்லுங்கள்.

இளவரசி

பழவேற்காடு
13 மார்ச்

இளவரசி,

ஏறு. போகாதே என்று சொன்ன அதே வாயால் சொல்கிறேன், ஏறு.

தலையைத் தூக்கினால் காற்று இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நீ தண்ணீருக்குள் அடக்குகிறாய். அங்கே தலையைத் தூக்கினாலும் காற்று இல்லையே. அடக்காதே. கனமான வலையை இழுக்கும்போது நாங்கள் என்ன செய்வோம்? கத்துவோம். கத்துகிறவனால் மூச்சை அடக்க முடியாது. நீயும் கத்து. வாயில் எது வருகிறதோ அதைக் கத்து. என்னைத் திட்டிக்கொண்டே போ.

கூட்டத்தில் ஃபர்ஹத் பேசட்டும். நான் இன்று ஏரிக்குப் போகவில்லை, உள்ளே போனால் சிக்னல் கிடைக்காது. பதில் எழுதிக்கொண்டிருக்காதே. ஏறு.

உலகநாதன்

பழவேற்காடு
14 மார்ச், காலை

இளவரசி,

ஒன்றும் வரவில்லை. சங்கத்து ஃபோன், ஃபர்ஹத் ஃபோன் இரண்டுக்கும் ரிங் போகவே இல்லை. பிரசாந்திடம் சொல்லிவிட்டேன், ஹாஸ்டலிலிருந்து வந்துவிட்டான், என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நான்தானே ஏறச் சொன்னேன்? ஒரு எழுத்தாவது அனுப்பு.

உலகநாதன்

சாந்தா குரூஸ், பொலிவியா
14 மார்ச்

பிரசாந்த் அப்பாவுக்கு,

இறங்கிவிட்டேன். ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், நான் சொல்லச் சொல்ல ஃபர்ஹத் தட்டுகிறாள். அவசரத்தில் சார்ஜரை மேலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம், இப்போதுதான் ஒன்று கிடைத்தது. இங்கே காற்று வெக்கையும் ஈரமுமாக மூக்கு நிறைய வருகிறது. நெஞ்சு வலி இருக்கிறது. பிழைத்துவிட்டாய் என்கிறார்கள்.

ஆம்புலன்ஸ் மேடு ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. மூச்சு தானாக அடங்கப் பார்த்தது. உங்களைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். திட்டு வரவில்லை, உங்கள் பெயர் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் வாயால் சொல்லாத பெயர். அதையே கத்திக்கொண்டு போனேன். கூட வந்த நர்ஸ் என்னவென்று கேட்டாளாம், "அவங்க வூட்டுக்காரரு பேரு" என்று ஃபர்ஹத் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு நான் சோர்ந்தபோதெல்லாம் அந்தப் பெண்ணே என் கன்னத்தைத் தட்டி "உலகநாதன், உலகநாதன்" என்று எடுத்துக் கொடுத்தாளாம்.

ஊருக்கு வந்ததும் மறுபடி பிரசாந்த் அப்பாதான். சொல்லு, சொல்லு என்று பின்னாலேயே வராதீர்கள்.

இளவரசி