கத்தரிப்பூப் புடவையில் ஒரு செய்முறைத் தேர்வு

அடியே,

இன்று ஆய்வகத்து இரும்பு பீரோவைத் திறந்தோம். அந்துருண்டை வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையும் அந்தப் பழைய சோதனைப் பெட்டிக்கு அடியில் உன் கத்தரிப்பூ நிறப் புடவை மடித்தது மடித்தபடி இருந்தது. ஆய்வக உதவியாளர் அதை வெளியே இழுத்து, "மேடம், இத தொடைக்கறதுக்கு எடுத்துக்கட்டுங்களா?" என்றார். நான் போட்ட சத்தத்தில், பாவம் மனிதர், புடவையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவர் போனதும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்றைக்கும் உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்புதான்.

உளவியல் துறை என்றால் அப்போது நீயும் நானும் மட்டும்தானே. சேர்க்கைக்கு வரும் அப்பாக்கள், "இது பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கற படிப்புங்களா?" என்று கேட்டுவிட்டு வணிகவியல் பக்கம் நடையைக் கட்டுவார்கள். பிள்ளைகள் கம்மி. பல்கலைக்கழகத்துக் குழு வந்து பார்த்து, மாணவர்கள் உருப்படியாகக் கற்றிருக்கிறார்கள் என்று சொன்னால்தான் துறை நிற்கும், இல்லாவிட்டால் அடுத்த வருடம் சேர்க்கை கிடையாது என்று கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கணினி முன்னால் உட்கார்ந்து கற்றல் விளைவு அட்டவணை போட்டேன். ஒவ்வொரு பாடத்திலும் மாணவர் எதைக் கற்றிருக்க வேண்டும் என்று ஒரு வரி, அதற்கு நேரே அவர்கள் எட்டினார்களா என்று ஒரு கட்டம். எட்டியிருந்தால் பச்சை. 'பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பார்' என்ற வரிக்கும் பச்சைதான். 'காதுகொடுத்துக் கேட்டல் என்றால் என்ன?' என்ற ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருந்தார்கள். அந்தப் பச்சையைப் பார்க்கப் பார்க்க எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கல்வராயன் மலைக்கு முகாம் போனோம். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வராந்தா. சாமைக் கொல்லையில் இருந்து நேராக வந்த ஓர் அம்மா, தன் பையன் சரியாகத் தூங்குவதில்லை என்று ஆரம்பித்தார். ஆரம்பித்ததுதான் தெரியும், நம் பிள்ளைகள் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தன் பால் கொடுக்கச் சொன்னான். ஒருத்தி செல்போனைப் பிடுங்கி வைக்கச் சொன்னாள். நான் என் பங்குக்கு மூச்சுப் பயிற்சி சொன்னேன். "நான் இன்னும் சொல்லியே முடிக்கலீங்களே" என்றார் அந்த அம்மா. அதற்கும் யாரோ ஆலோசனை சொன்னார்கள். அவர் எழுந்து போய்விட்டார்.

மலையிறங்கும் பேருந்தில் கச்சிராயபாளையம் வந்ததும் நீ சொன்னாய்: "நம்ம பசங்க கேக்கறதுன்னா இன்னான்னு நல்லா எழுதறாங்கடி. கேக்கத்தான் தெரியல. உன் பச்சைக் கட்டத்த அழிச்சுடு."

"குழு வர்ற நேரத்துல அழிக்கச் சொல்றியே, துறையே போயிடும்டி."

"போனா போவட்டும். கத்துக்கினாங்களான்னே தெரியாம துறைய வச்சிகினு இன்னா பண்றது?"

எனக்கு வந்த கோபத்துக்கு உன்னை அங்கேயே இறக்கிவிட்டிருப்பேன், பேருந்து என்னுடையதாக இருந்தால்.

அடுத்த வகுப்புக்கு நீ திருக்கோவிலூரில் தள்ளுபடியில் வாங்கிய அந்தக் கத்தரிப்பூப் புடவையை ஏற்றிக் கட்டிக்கொண்டு, முடியை அள்ளிச் செருகிக்கொண்டு வந்தாய். வேஷப்படி நீ ஒரு மருமகள். கறந்துகொண்டிருந்த மாட்டை உன்னைக் கேட்காமல் வீட்டுக்காரர் விற்றுவிட்டார். அதைச் சொல்லி அழ வந்திருக்கிறாய். மாணவர் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். ஆலோசனை கூடாது, ஆறுதல் கூடாது, தன் கதை கூடவே கூடாது. கடைசியில், கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். மருமகள் "ஆமா, அதான்" என்று சொன்னால் மதிப்பெண். சொல்லாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் உன் தேர்வு.

என்ன கூத்து அது! ஒருத்தன் கோமுகி அணைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் மனசு லேசாகும் என்றான். இன்னொருத்தன், "மாட்டு லோன் குடுக்கறாங்கக்கா, எங்க சித்தப்பாவுக்குத் தெரிஞ்சவரு இருக்காரு" என்று போன் நம்பரே கொடுத்தான். மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டப் போகிற வீட்டுப் பெண் தனலட்சுமி, நம் துறையின் வானொலி, அவள்தான் உச்சம். மாடு என்ற சொல்லைக் கேட்டதும் தன் வீட்டு மாட்டுக் கதையை எடுத்தாள். மணி அடிக்கும்வரை அவள் அழ, நீ முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாய். எல்லோரும் தோல்வி. நான் மனசுக்குள் துறைக்குக் கருமாதியே செய்துவிட்டேன்.

நீ விடவில்லை. தினமும் ஒருவரைக் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு வர வேண்டும் என்று வீட்டுப்பாடம் கொடுத்தாய். பேருந்தில், டீக்கடையில், வீட்டில் என்று பிள்ளைகள் வாயை மூடிப் பழகினார்கள். தனலட்சுமியின் அம்மா கல்லூரிக்கே வந்துவிட்டார். "எம் பொண்ணுக்கு இன்னாங்க மிஸ் ஆச்சு? வூட்ல பேசாம குந்திகினு எம்மூஞ்சியவே பாக்குது. பயமா கீது." நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

குழு வந்த அன்று யார் தேர்வு எழுதுவது என்று அவர்களே சீட்டெடுத்தார்கள். வந்தது தனலட்சுமி! நான் உன்னைப் பார்த்தேன். நீ புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாய், கல்நெஞ்சக்காரி.

ஆரம்பித்தாய். தொழுவம் காலியாகக் கிடப்பதைச் சொன்னாய், கன்று கத்தியதைச் சொன்னாய். தனலட்சுமி உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அப்புறம்?" என்று மட்டும் கேட்டாள். நீ தலையைக் குனிந்து மௌனமானாய். அந்த மௌனம் நீண்டது. என்னாலேயே தாங்க முடியவில்லை. தாங்க முடியாமல் வாயைத் திறந்தவர் குழுத் தலைவர்.

"வுடும்மா, போனது போவுது. வேற மாடு வாங்கிக்கலாம்!"

நீ வேஷம் கலையாமல் அவர் பக்கம் திரும்பினாய். "ஐயா, நான் இன்னும் சொல்லி முடிக்கலீங்க."

எனக்கு உயிரே போய்விட்டது. அந்தப் பெரியவர் ஒரு கணம் விழித்தார். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய தோள் குலுங்குவதை அறையே பார்த்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் தனலட்சுமி மட்டும் உன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "மாடு போனதவிட, உங்கள ஒரு வார்த்தை கேக்கலன்றதுதான் உங்களுக்கு ஆறலையாக்கா?"

உன் கண் நிஜமாகவே நிறைந்தது. "ஆமா," என்றாய், "அதான்."

போகும்போது தலைவர் உன்னிடம், "எனக்கு எவ்ளோம்மா மார்க்?" என்று கேட்டார். "திரும்ப எழுதணுங்க ஐயா" என்றாய். துறை பிழைத்தது. அன்று கடைத்தெருவில் நாம் தின்ற பரோட்டாவின் ருசி எனக்கு அதற்கப்புறம் கிடைக்கவே இல்லை.

ஆனால் உனக்குத் திருப்தி வரவில்லை. குறையே இல்லாத இடத்திலும் குறை கண்டுபிடிப்பவள் ஆயிற்றே நீ. "பரிச்சைக்குக் கேட்டுதுடி அந்தப் பொண்ணு. நாளைக்கு நெஜமா ஒருத்தங்க எதிர்ல குந்தினா கேக்குமா? அது நமக்கு எப்பத் தெரியும்?" என்றாய். வருடா வருடம் ஒவ்வொரு வகுப்பும் வெளியேறும்போதும் இதையே கேட்டாய். என்னிடம் பதில் இருந்ததில்லை.

இப்போது இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நீ திடீரென்று போன அன்று, திருக்கோவிலூரில் உன் வீட்டுக்கு ஊரே வந்தது. வந்தவர்கள் எல்லோரும் உன் அம்மாவிடம் எதையாவது சொன்னார்கள். அழாதீங்க என்றார்கள், மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள், எல்லாம் விதி என்றார்கள். நானும் சொன்னேன். அம்மா கல்லாக உட்கார்ந்திருந்தார். மத்தியானத்துக்கு மேல் தனலட்சுமி வந்தாள். இப்போது ஒரு விடுதியில் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகர். இன்னமும் வாயாடிதான். அன்று அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "சின்ன வயசுல மிஸ் எப்படி இருப்பாங்கம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மா பேச ஆரம்பித்தார். நீ தென்பெண்ணை மணலில் செருப்பைப் புதைத்துவிட்டு வந்து அடி வாங்கியது, பள்ளி நாடகத்தில் ராஜாவாக நடித்து மீசையைக் கழற்றமாட்டேன் என்று அதோடு தூங்கியது. சொல்லிக்கொண்டே அழுதார். மீசைக்கு வந்தபோது அழுகையோடு சிரித்தும்விட்டார். பொழுது சாயும்வரை பேசினார். தனலட்சுமி ஒருமுறைகூடக் குறுக்கே வரவில்லை.

அவள் போனபிறகு அம்மா என் கையைப் பிடித்தார். "அந்தப் பொண்ணு இன்னாம்மா படிச்சிருக்குது?"

"சைக்காலஜிமா. நம்ம பொண்ணுகிட்டதான் படிச்சா."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். "நல்லா படிச்சிருக்குது" என்றார்.

இந்த வருட அட்டவணையையும் போன வாரம் அனுப்பினேன். அதில் இதை எழுத ஒரு கட்டம் இல்லை. அதனால் நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்டி. உன் மாணவி பாஸ். மார்க் போட்டது உன் அம்மா.