கடைசி நான்கு அடிகள்

லத்தீன் அகராதியைத் திறந்தால் இன்றும் பலாப்பழ வாசம் வருகிறது. காடாம்புலியூர் சுளைகளை எனக்கென்று அகராதி இருந்த பையிலேயே போட்டுக்கொண்டு வந்தது நீதான். அந்த வாசம் போகாது, போகவும் வேண்டாம்.

கடலூரில் ஏறி சிதம்பரத்தில் இறங்கும்வரை பஸ்தான் நம் வகுப்பறை. இருவரும் குமாஸ்தாக்கள், சொல்லித்தர ஆளில்லை. ஈராயிரம் ஆண்டுப் பழைய பாட்டை அது பிறந்த மொழியிலேயே படிப்பதென்று நாற்பது வயதில் கிளம்பினோம். குறிலும் நெடிலும் அங்கேயும் உண்டு என்று தெரிந்ததும் நமக்குத் தலைகால் புரியவில்லை. நேர், நிரை என்று நம்மூர் அசை பிரித்து, தேமா புளிமா போட்டு, ஆறு மாதம் தப்பாகவே பஸ் கம்பியில் தாளம் தட்டினோம். தப்பு தெரிந்த அன்று நீ சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"ஆறு மாசமா அந்த லத்தீன் கவிஞனுக்கு வேட்டி கட்டிவுட்டிருக்கோம் மச்சான்."

உன் சட்டம் ஒன்றுதான்: அகராதியில் சொல்லைத் தேடலாம், ஆங்கில மொழிபெயர்ப்பைத் தொடக்கூடாது.

விருந்துக்கு அழைத்த நண்பனுக்காக ஒருவன் காத்திருக்கும் பாட்டு. கடைசி நான்கு அடி பாக்கி இருக்கும்போது நீ ஆஸ்பத்திரியில் படுத்தாய். நாள் அதிகமில்லை என்று டாக்டர் சொன்னதும் பயந்துபோய் மொழிபெயர்ப்பைப் பார்த்துவிட்டேன். கட்டிலருகே உட்கார்ந்து பொருள் சொல்ல வாயைத் திறந்ததுமே கையைத் தூக்கினாய்.

"திக்காம ஆரம்பிக்கிற. இங்கிலீஷ பாத்துட்டல்ல?"

"நேரம் இல்லியேடா."

"அதுக்கு? நீயா படிச்சிட்டு வா, கேக்குறேன்."

நான் வருவதற்குள் போய்விட்டாய். முதலில் உன்மேல் கோபம்தான் வந்தது, அழுகை பிறகுதான். காரியம் முடிந்த அன்று உன் மனைவி அகராதியை நீட்டினார். "இத உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிட்டாருண்ணே."

போன வாரம் வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது படித்து முடித்தேன். மொழிபெயர்ப்பு எடுத்த எடுப்பிலேயே நண்பன் வந்துவிட்டான் என்று சொல்லியிருந்தது. மூலத்தில் அப்படியில்லை. ஆறிப்போன உணவு, எண்ணெய் தீரும் விளக்கு, குரைக்கும் நாய், வாசல் எல்லாம் வந்த பிறகு, கடைசிச் சொல்லாகத்தான் அவன் வருகிறான். முடிவு தெரிந்திருந்தும் அந்தச் சொல் வரும்வரை நானும் காத்திருந்தேன். அன்று நீ கேட்டிருந்தால் அந்தக் காத்திருப்பு உனக்குக் கிடைத்திருக்காது. நீ தடுத்தது சரிதான்.

மொழிபெயர்ப்பைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அடுத்த பாட்டைத் தனியாகவே தொடங்கப் போகிறேன், முடிப்பேன். இன்று காலை நம் சீட்டில் உட்கார்ந்து, அந்த நான்கு அடிகளையும் சரியான தாளத்தில் கம்பியில் தட்டி, உனக்காக வாய்விட்டுச் சொன்னேன்.

மூன்று இடத்தில் திக்கினேன். நீ கேட்டிருந்தால், நானாகப் படித்ததுதான் என்று நம்பியிருப்பாய்.