இருநூற்றுப் பன்னிரண்டு படிகள்

லுணுகலை

அன்புள்ள சரோவுக்கு,

நீரும் பிள்ளைகளும் சுகம்தானே? உம்முடைய முழங்கால் நோவு குறைந்ததா? போனில் சொன்னால் நீர் அழுவீர், எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன்.

பெரிதாக ஒன்றுமில்லை. பஸ்ஸால் இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படி ஏறுகிறேன் அல்லவா? ஏறி முடித்துக் கதிரையில் இருந்ததும் இதயம் ஒரு துடிப்பை விட்டுவிட்டு அடுத்ததைப் பலமாக அடிக்கிறது. இங்கே தேயிலைக் கொழுந்து பறிக்கும் லூர்தம்மாவிடம் சொன்னேன்.

"கூடைய எறக்கி வச்சா எனக்கும் அப்படித்தாங்க சார். பெரட்டுல சொன்னா மலைக்கு அனுப்ப மாட்டாங்க, அதான் சொல்றதில்ல" என்றாள். பெரட்டு என்றால் காலையில் வேலை பிரிக்கும் இடம்.

மருத்துவச் சான்றிதழ் இருந்தால் ஊருக்கு இடமாற்றம் தருவார்கள் என்று பதுளைக்குப் போனேன். இரண்டு மணி நேரம் பஸ்ஸிலும் பிறகு வரிசையிலும் இருந்தேன். படுக்கவைத்து ஈசீஜி எடுக்கும்போது இதயம் நல்ல பிள்ளையாக அடித்தது. டொக்டர் நம்மூர்க்காரர்தான்.

"மாஸ்டர், பேப்பரில ஒண்டும் காணேல்லை. நான் எதையெண்டு எழுதுறது?" என்றார்.

நான்காவது முறையும் இடமாற்றம் மறுக்கப்பட்டுவிட்டது. இனி விண்ணப்பிக்க மாட்டேன்.

அங்கிருந்து யாராவது இங்கே வந்தால் மிளகாய்த்தூள் கொடுத்துவிடும். போத்தலில் உம்முடைய கையெழுத்தில் என் பெயரை எழுதி ஒட்டும். லூர்தம்மாவுக்குக் கொஞ்சம் பனங்கட்டியும் வையும்.

மணி அடித்துவிட்டது. விடுமுறைக்கு வந்தால் என் நாடியைப் பிடித்துப் பார்க்காதீர். அங்கே ஏறுவதற்கு ஒன்றுமில்லை. அது ஒழுங்காகத்தான் அடிக்கும், நீரும் நம்பிவிடுவீர்.

இரகுநாதன்