பொட்டலம் யாருடைய சொல்

1956 ஆனி, வெள்ளிக்கிழமை

பக்கத்து வீட்டுக்கு ஆனேக்கல்லில் இருந்து மருமகளாக வந்த அக்காவோடு பேச வேண்டும் என்று மூன்று மாதமாக நினைக்கிறேன். அவளுக்கும் இங்கே பேச ஆள் இல்லை. இன்று மளிகைக் கடையில் அவளே பேசினாள். நான்தான் கெடுத்துக்கொண்டேன்.

அவள் சீரகம் ஒரு 'பொட்டண' கேட்டாள். நான் மிளகு ஒரு பொட்டலம் கேட்டேன். கடைக்காரர் காகிதத்தை மடித்து நூல் சுற்றிக்கொண்டே சிரித்தார்.

"எங்க வூட்ல தெலுங்கு. பொட்லம்னுவோம். உங்க ரெண்டு பேருதும் அதுல இருந்து வந்ததுதான்."

"இல்லா, அது நம்ம கன்னட மாத்து," என்றாள் அக்கா, அது தங்கள் சொல் என்று.

"நம்ம ஊரையே எந்த ராஜ்யத்துல சேக்கறதுன்னு இன்னும் முடிவாவல. இதை எங்க சேக்கறது?" என்றார் கடைக்காரர்.

அக்கா என் பக்கம் திரும்பி, "நீ ஓதிதவளு, நீனே ஹேளு," என்றாள்.

படித்தவளாம் நான், நானே சொல்ல வேண்டுமாம். வாசலில் உட்கார்ந்து எழுதுவதைப் பார்த்திருப்பாள். ஐந்தாவதோடு என்னை நிறுத்தியது அவளுக்குத் தெரியாது. மிளகைக் கூட வாங்காமல் வந்துவிட்டேன்.

சாயங்காலம் அவளே மிளகைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"பாப்பாக்கு நன்ன மேலே கோபவா?"

"அது யார்கிட்டயும் பேசாதும்மா," என்றாள் அம்மா.

எனக்கும் தெரியாதுக்கா என்று சொல்லியிருந்தால் போதும். நாளை சொல்லலாம். அவள் தண்ணீருக்குப் போகும் நேரம் எனக்குத் தெரியும். இந்த மூன்று மாதமும் அவள் திரும்பிய பிறகுதான் நான் குடத்தை எடுத்திருக்கிறேன்.