சாட்சி இல்லாத ராசா

ஸ்ட்ரெதம்,
ஐப்பசி 1987

இஞ்சேருங்கோ,

ஞாயிற்றுக்கிழமை மனோர் பார்க் மண்டபத்தில நீங்கள் பேசினதைப் பின்வரிசையில இருந்து கேட்டனான். அந்தக்கால இங்கிலாந்து ராசா மூன்றாம் ரிச்சர்டுக்காக என்ன மாதிரி வாதாடினீங்கள்! செத்த தமையன்ர ரெண்டு பெடியளைப் பொறுப்பெடுத்து, லண்டன் கோட்டைக்குள்ள வைச்சிட்டு, அவைக்குரிய முடியைத் தான் சூடிக்கொண்டவர். பிறகு அந்தப் பெடியளை ஒருத்தரும் காணேல்லை. "கொன்றதுக்குச் சாட்சி இல்லை, சண்டையில வெண்டவை கட்டின கதை" எண்டீங்கள். சனம் கை தட்டிச்சுது.

உங்கட தமையன்ர மகன் நிமலனைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை.

போன வருசம் அவன் அகதியா வந்து இறங்க, ஹீத்ரோ எயார்ப்போட்டிலயிருந்து அதிகாரி போன் எடுத்து, "இந்தப் பெடியனைத் தெரியுமோ?" எண்டு கேட்டார். "தெரியாது" எண்டீங்கள். நான் போனைப் பறிக்க வர, வைச்சிட்டீங்கள். "எங்கட விசாவுக்குப் பிரச்சினை வரும்" எண்டு எனக்கு விளக்கம் வேற. திருப்பி அனுப்பின பெடியனைக் கொழும்பில ஆரோ வாகனத்தில ஏத்தினவையாம். இண்டைக்கு வரைக்கும் ஆளில்லை. இதுக்கும் சாட்சி இல்லைத்தான்.

நேற்று நிமலன்ர தாய் போன் எடுத்தவ. எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். "தம்பி பயந்திட்டார் போல" எண்டு உங்களைத்தான் சொன்னா.

எனக்கு அந்தப் பெரிய மனசு இல்லை. உங்கட ராசாவை வெறுத்தவைகூட, அவர் போர்க்களத்தை விட்டு ஓடாமல் நிண்டு செத்தவர் எண்டு எழுதி வைச்சிருக்கினமாம். உங்களைப் பற்றி அப்பிடி ஒரு வரி எழுத, பெண்சாதி எனக்கே ஏலாமல் கிடக்குது.

எங்கட ஈஸ்ட் ஹாம் வீட்டுக்கு இனி நான் வரமாட்டன்.

உங்கட பிள்ளையளின்ர தாய்