வெள்ளைத்துணிக் கூடை

செங்கழுநீர் அம்மன் துணை

வீராம்பட்டினம்
18-8-1957

கடல் தாண்டிப் பிழைக்கப் போன என் தம்பி கலியமூர்த்திக்கு, உன் அக்காள் அஞ்சலாட்சி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும், கருவடிக்குப்பத்தில் உன் பெண்சாதி செல்வாம்பாளும் நன்றாக இருக்கிறோம். சைகோனில் உனக்கு அந்த இருமல் நின்றதா இல்லையா என்று ஒரு வரி எழுது.

சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அடக்கி வைக்க முடியவில்லை. ஆடித் தேரோடு கருவாட்டு வியாபாரத்தை மூடிவிட்டு, காயவைக்கிற இடத்தையும் விற்றுவிட்டு, செல்வாம்பாளோடு போய் இருந்துகொள்கிறேன் என்று சித்திரையில் உனக்கு எழுதினேன் அல்லவா. அதை மறந்துவிடு. தேர் முந்தாநாள் ஓடியது. நான் எங்கேயும் போகப்போவதில்லை. நேற்று பெரிய மார்க்கெட்டுக்குக் கூடை கொண்டுபோனேன். தலையிலிருந்து இறக்குவதற்கு முன்னாலேயே எனக்கு எனக்கு என்று பிடித்துக்கொண்டார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் கை, அதிலும் சந்தோஷத்தில் ஓடுகிறது. எழுத்து கோணலாக இருந்தால் கூட்டிப் படித்துக்கொள்.

உனக்கு முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். நீ கப்பல் ஏறும்போது பிரெஞ்சுக்காரன் சுங்கச்சாவடி இருந்தது. அதை எடுத்த பிறகு விழுப்புரம், பண்ருட்டி, திண்டிவனம் என்று எங்கெங்கிருந்தோ வியாபாரிகள் நம் மார்க்கெட்டுக்கு வந்துவிட்டார்கள். ஊர்க்காரர்களுக்கு என் முகம் தெரியும், என் சரக்கும் தெரியும். வெளியூர்க்காரனுக்கு என்ன தெரியும்? வரிசையாகக் கூடைகளைப் பார்ப்பான், விலை குறைந்ததை எடுப்பான். நாம் மணலில் கொட்டாமல் பழைய வலையை விரித்துக் காயவைப்பதும், ஈரம் போகிற வரைக்கும் கட்டாமல் இருப்பதும் அவன் கண்ணுக்குத் தெரியுமா?

அதற்கு உன் மாமா ஒன்று செய்தார். பழைய வேட்டியை நீளமாகக் கிழித்து, மஞ்சளில் முக்கி உலர்த்தி, கூடை வாயை அதனால் கட்டினார். வலைக்குப் போடுகிற முடிச்சு. இது என்ன கருவாட்டுக் கூடையா கல்யாணக் கூடையா என்று நான் சிரித்தேன். "சிரி, சிரி. வாங்கித் தின்னவன் மறுபடியும் தேடி வரும்போது எதைச் சொல்லித் தேடுவான்?" என்றார். அவர் சொன்னபடியே தேடி வந்தார்கள். மஞ்சத்துணி வந்துச்சா, பாலகுரு மஞ்சத்துணி இருக்கா என்று அவர் பேரைச் சொல்லித்தான் கேட்பார்கள். பக்கத்துக் கூடையைவிடக் கூடுதல் விலை சொன்னாலும் முனகாமல் கொடுத்தார்கள்.

கார்த்திகைக் காற்றில் கடலுக்குப் போன உன் மாமா திரும்பாததை உனக்கு எழுதிவிட்டேன். திரும்ப எழுத மாட்டேன்.

அதற்குப் பிறகு நான் கரையில் மீனை ஏலம் எடுத்து அதே மாதிரி உப்புப் போட்டு, அதே வலையில் காயவைத்தேன். ஆனால் மஞ்சளில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை. நான் பூசாத மஞ்சளைக் கூடைக்கு எப்படிப் பூசுவேன்? அவர் வேட்டியை வெள்ளையாகவே கிழித்துக் கட்டிக்கொண்டு போனேன். வெளியூர்க்காரர் ஒருத்தரும் தொடவில்லை தம்பி. விழுப்புரம் சுப்ரமணி என்று ஒரு வியாபாரி, முன்பு தராசுக்கடையில் நிறுத்து வைத்த நம் கூடையை மட்டுமே தேடி எடுப்பவர், என்னைத் தாண்டிப் போனார். இது பாலகுரு சரக்குதான், நான் அவர் பெண்சாதிதான் என்றேன். "பாலகுருவ நான் பார்த்ததில்லம்மா, உன்னையும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது மஞ்சத்துணிதான்" என்று சொல்லிவிட்டு நடந்தார். கூடைகளைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கி வந்தேன். பக்கத்துக் குடிசைப் பச்சையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டி, நீ தாலி அறுத்தா கூடையுமா அறுக்கணும்? ஒரு கைப்பிடி மஞ்சளக் கரைச்சு முக்குடி" என்று திட்டினாள். அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் செய்யவில்லை. அந்த நாளில்தான் மூடிவிடுகிறேன் என்று உனக்கு எழுதினேன்.

நான் விட்ட மஞ்சளை உழவர்கரைக் கொளஞ்சி எடுத்துக்கொண்டான். கடையிலே மஞ்சள் துணி வாங்கி, மணலில் காய்ந்த அரை ஈரச் சரக்கைக் கூடை கூடையாகக் கட்டி வந்தான். யார் சரக்கு என்று கேட்டால் பாலகுருவுடையதுதான் என்பானாம். இரண்டு மாசம் அள்ளிக்கொண்டு போனார்கள். நான் மூன்று கூடையோடு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்ததா என்று கேட்காதே.

ஆடி பிறந்து கூழ் ஊற்ற ஆரம்பித்ததும் எல்லாருக்கும் கருவாடு வேண்டும். அப்போதுதான் விழுந்தது அடி. கூழுக்கு வைத்த குழம்பு வாயில் நறநறத்ததாம். ஒரு கூடையைத் திறந்தால் புழு நெளிந்ததாம். சுப்ரமணி மார்க்கெட் நடுவில் நின்று, "இந்த பாலகுரு பேர நம்பி எங்க ஊர்ல என் பேரும் போச்சு, அவன் கையில கிடைச்சான்னா..." என்று கத்தினார். கையில் கிடைக்கிற இடத்திலா இருக்கிறார் அவர். எனக்கு விற்காமல் போனது பெரிதாகத் தெரியவில்லை. போன மனுசன் பேரில் மண் விழுகிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டில் ஒரு கூடை இருந்தது. உனக்குக்கூடச் சொல்லவில்லை. கடைசியாக அவர் பிடித்து வந்த நெத்திலி, அவர் கையால் முடிச்சுப் போட்டது. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருந்தேன். மாசம் தவறாமல் வெயில் காட்டுவேன், அவிழ்க்க மாட்டேன். மூன்றாம் ஆடி வெள்ளியன்று அதையும் என் வெள்ளைத்துணிக் கூடைகளையும் எடுத்துக்கொண்டு போனேன். பச்சையம்மாள் துணைக்கு வந்தாள்.

தராசுக்கடை ஹாஜா பாய் கடை வாசலில் சுப்ரமணி நின்றிருந்தார். கூடையை அவர் காலடியில் வைத்தேன். இதுதான் பாலகுரு மஞ்சத்துணி, கார்த்திகைக்கு முன்னால் கட்டினது, இன்றைக்குத்தான் திறக்கிறேன், பார்த்துவிட்டு அப்புறம் திட்டுங்கள் என்றேன். கூட்டம் கூடிவிட்டது. கொளஞ்சி தூரத்திலிருந்து, "அத்தன நாள் சரக்கா, மூக்கப் பொத்திக்கங்க" என்றான். பச்சையம்மாள் சும்மா விடுவாளா. "உன் சரக்க நேத்து திறந்ததுக்கே ஊர் மூக்கப் பொத்திக்கிட்டு இருக்கு, போடா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். முடிச்சு உப்பில் இறுகிப்போயிருந்தது. ஹாஜா பாய் கத்தியை நீட்டினார். வேண்டாம் பாய் என்றேன். கத்தி பட்டால் அது முடிச்சாக இருக்காது. விரலாலும் பல்லாலும் மெதுவாக அவிழ்த்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

நெத்திலி வெள்ளி மாதிரிக் கிடந்தது தம்பி. புழு இல்லை, பூஞ்சை இல்லை. சுப்ரமணி ஒன்றை எடுத்து அப்படியே கடித்தார். கண்ணை மூடி மென்றார். மணல் இல்லை. அப்புறம் நான் வெள்ளைத்துணியை அவிழ்த்து நீட்டினேன். அதையும் கடித்தார். "ரெண்டும் ஒரே கைதான்யா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, தெரியாமல் பேசிவிட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டார். "இனிமே எனக்கு வெள்ளத்துணிதான்மா, மஞ்சள் எங்கிட்ட வேணாம்" என்றார். அவ்வளவுதான், ஆளுக்கொன்று எடுத்துக் கடித்துப் பார்த்தார்கள். என் வெள்ளைத்துணிக் கூடைகள் அங்கேயே தீர்ந்துவிட்டன.

இப்போது மார்க்கெட்டில் மஞ்சள் துணியைக் கண்டால் ஒதுங்கிப் போகிறார்கள். வெள்ளத்துணி அம்மா வந்தாச்சா என்று எனக்கு முன்னாலேயே வந்து கேட்கிறார்கள். வெள்ளை கட்டினதால் ஒதுக்கினவர்கள், இன்று வெள்ளை இல்லாவிட்டால் வாங்க மாட்டேன் என்கிறார்கள். எனக்கே சிரிப்பாக வருகிறது. கொளஞ்சி வெள்ளைத் துணி பீஸ் பீஸாக வாங்கியிருக்கிறானாம், ஹாஜா பாய் சொன்னார். வாங்கட்டும். நான் இனி வீட்டில் கட்டுவதில்லை. கூடையைத் திறந்து வைத்து, கடித்துப் பார்க்கச் சொல்லி, வாங்குகிறவர் கண்ணெதிரே உன் மாமா போட்ட முடிச்சைப் போட்டுக் கொடுக்கிறேன். அதையும் மீறி அவன் ஏமாற்றினால் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பழைய கூடையில் கடைசியில் ஒரு கைப்பிடிதான் மிஞ்சியது. அதை விற்கவில்லை. மறுநாள் குழம்பு வைத்தேன். பச்சையம்மாளும் நானும் கூழோடு தின்றோம். நன்றாக இருந்தது.

செல்வாம்பாளுக்கு நான் வரவில்லை என்று பக்குவமாக எழுதிவிடு, அவள் கோபித்துக்கொள்ளக் கூடாது. எனக்குப் பணம் அனுப்ப வேண்டாம். வரும்போது கெட்டியான வெள்ளைத் துணி மட்டும் வாங்கி வா. உன் மாமா வேட்டி இன்னும் ஒன்றுதான் இருக்கிறது. அதைக் கிழிக்க மாட்டேன்.

காற்று பார்த்துக் கப்பல் ஏறு தம்பி. தை பிறந்து வந்தாலும் சரி, மாசியில் வந்தாலும் சரி, கார்த்திகையில் மட்டும் வராதே. அம்மன் உன்னைக் கரை சேர்க்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அக்காள்,
அஞ்சலாட்சி